கறார் பேசி முடித்த வண்டி

மருந்துக்கடையில் முப்பத்தோரு வருஷமாக நிற்கிறார் மனுஷன். மருந்துக்கடையில் பேரம் கிடையாது. அட்டையில் என்ன விலை அச்சடித்திருக்கிறதோ அதுதான் விலை. காய்ச்சலோடு வருகிறவன் நின்று வாதாடவும் மாட்டான். நாள் முழுக்கச் சல்லிக்காசு கூட்டிக் குறைக்க வழியில்லாமல் நிற்பவருக்கு நாக்கில் அரிப்பெடுக்காமல் என்ன செய்யும்? அந்த அரிப்பையெல்லாம் அவர் மற்றவர்களின் கடைகளில் போய்த் தீர்த்துக்கொண்டார். சொந்தத்தில் யார் எதை வாங்கப் புறப்பட்டாலும் முன்னால் நடப்பது அவர்தான். வீட்டில் பெரியவர் முதல் பொடிசு வரை அவருக்கு வைத்திருந்த பெயர் கறார்.

அவருக்கென்று ஒரு வழி இருந்தது. அதற்கு அவரே வைத்த பெயர் உரிப்பது. முதலில் பில்லை வரிவரியாக எழுதச் சொல்வார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, இது எதுக்கு, அது எதுக்கு என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார். கடைக்காரர் பதில் சொல்லத் திணறினால் அந்த வரி போச்சு. திணறாமல் சொன்னாலும் போச்சு, இவ்வளவு சரளமாகச் சொல்கிறவன் பொய்தான் சொல்வான் என்பது அவர் கணக்கு. பதினேழு வயதில் அப்பாவுக்குச் சைக்கிள் வாங்கப் போய், கேரியர், மணி, ஸ்டாண்டு மூன்றையும் உரித்துவிட்டு வெறும் சைக்கிளோடு வீடு திரும்பியது முதல் வெற்றி. அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுநாள் சைக்கிளில் மூன்றும் இருந்தன. கடைக்காரன் மனசாட்சி குத்தி இனாமாகக் கொடுத்துவிட்டான் என்றார் அப்பா.

அன்றிலிருந்து அந்த இனாம் அவரை விடவில்லை. மனைவி வழியில் ஒருவருக்கு ஃபிரிட்ஜ் வாங்கியபோது ஸ்டெபிலைசரை உரித்தார். ஒரு வாரம் கழித்துக் கம்பெனியே அதை இனாமாக அனுப்பிவைத்தது. சித்தப்பா வீட்டுத் தையல் மிஷினுக்கு மோட்டாரை வேண்டாமென்றார். அதுவும் இனாமாக வந்தது. இதையெல்லாம் அவர் மருந்துக்கடைக் கல்லாவில் நின்று சொல்லும்போது, முதலாளி மூக்கில் விரல் வைத்துக் கேட்பார். அண்ணன் மகன் அவரைக் கூப்பிடாமல் தானாகப் போய் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட்டான் என்று, அந்தக் குடும்பத்தோடு நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்திருக்கிறார். கோபமெல்லாம் பணம் போனதற்காக அல்ல. நம்மை மறந்துவிட்டார்களே என்பதுதான். அந்த ஒரு வேலைக்காகத்தான் தன்னை நாலு பேர் தேடுகிறார்கள் என்று உள்ளூர அவருக்கே தெரியும்.

அவருடைய தங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. முன்நெற்றி நரைத்துவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஒரு ஏக்கரில் செடிப்பண்ணை வைத்திருக்கிறாள். கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, குனிந்து நிமிர முடியாது. அதனால் மண், எரு, ஜல்லி எல்லாவற்றையும் பதினாலு வருஷமாக ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் இவளே தள்ளினாள். போன வருஷம் வலது தோள் அவளைக் கேட்காமலே நின்றுகொண்டது. முன்னால் வாளி வைத்த குட்டி டிராக்டர் ஒன்று வாங்காவிட்டால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று டாக்டரே சொல்லும் நிலை.

ஆறு மாதம் அலைந்தாள். பாத்திகளுக்கு நடுவில் உள்ள வழியை டேப்பால் அளந்து, எந்த வண்டி இடிக்காமல் திரும்பும் என்று பார்த்தாள். மூன்று ஷோரூம்களில் ஏறி உட்கார்ந்து ஓட்டினாள். வாளி எத்தனை கிலோ தூக்கும், எவ்வளவு உயரம் போகும், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு அண்ணனுக்குப் போன் செய்து, விலை பேச நீ வரணும் என்றாள். கறார் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தார்.

ஷோரூம்காரர் ஒல்லியான மனிதர், பொறுமைசாலி. கறார் சொன்னபடி பில்லை வரிவரியாக எழுதினார். வாளியோடு வண்டி ஏழு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். பின் எடை முப்பத்தெட்டாயிரம். மொத்தம் எட்டு லட்சம். கறார் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். அவருக்கு டிராக்டரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். அப்புறம் வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். இப்படி இரண்டு தடவை. இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டாயிரம் குறைந்தது. அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பேனா கையில் இருந்தது, இன்னொரு வரி மிச்சமிருந்தது.

பின் எடை எதுக்கு என்று கேட்டார். ஷோரூம்காரர் நிதானமாகவே சொன்னார். முன்னால் வாளியில் பாரம் தூக்கும்போது வண்டியின் பின்பக்கம் லேசாகிவிடும், அதைப் பிடித்துவைக்கப் பின்னால் எடை மாட்ட வேண்டும், வாளி வைத்த எந்த வண்டிக்கும் அது அவசியம். சரளமான பதில். கறார் சிரித்தார்.

"இரும்புப் பெட்டியில சிமெண்டைக் கொட்டி முப்பத்தெட்டாயிரமா? இவ்ளோ பெரிய வண்டிக்கே எடை பத்தலைன்னா, அப்புறம் அது என்ன வண்டி?"

பாப்பா அவர் முழங்கையைத் தொட்டாள். "அண்ணா, அது வேணும்ணா."

"நீ சும்மா இரு. பேசிட்டு இருக்கேன்ல."

அவர் அந்த வரியை அடித்தார். ஒரு தடவை அல்ல, காகிதம் கிழிகிற மாதிரி இரண்டு தடவை. ஷோரூம்காரர் பாப்பாவைப் பார்த்தார். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு லேசாகத் தலையாட்டினாள். கறாரும் அதைக் கவனித்தார். தன் சாமர்த்தியத்தைப் பார்த்து இருவருக்கும் வாயடைத்துப்போனது என்றுதான் எடுத்துக்கொண்டார்.

எட்டு லட்ச ரூபாய் வண்டியை ஏழரைக்கு முடித்த கதை அந்த வாரம் முழுக்க மருந்துக்கடையில் ஓடியது. இருமல் மருந்துக்கு வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். சனிக்கிழமை வண்டி பண்ணைக்கு வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறார், முதலாளியையும் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு, தான் வாங்கிக் கொடுத்த வண்டியைக் காட்டப் பண்ணைக்குப் போனார்.

பாப்பா அப்போது எருக்குவியலில் இருந்து அரை வாளி அரை வாளியாக அள்ளிக்கொண்டிருந்தாள். தரையை ஒட்டியே வாளியைக் கொண்டுபோய், மெதுவாகக் கொட்டினாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு காட்சியாகவே இல்லை. முதலாளி கொட்டாவி விட்டார். கறாருக்குப் பொறுக்கவில்லை. நிறைய அள்ளு, மேலே தூக்கிக் காட்டு என்றார்.

"ஈரமா இருக்குண்ணா. கனம் ஜாஸ்தி. நாளைக்கு வரைக்கும் பாதிப் பாதியாவே அள்ளிக்கிறேன்."

நாளைக்கு என்ன வரப்போகிறது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஏழரை லட்சம் கொடுத்து வாங்கினது கரண்டியால அள்ளுறதுக்கா? நான் பேசி முடிச்ச வண்டி. பயப்படாம தூக்கு" என்றார். சத்தமாகவே சொன்னார், பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் கேட்க வேண்டுமே.

பாப்பா ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தாள். பிறகு வாளி நிறைய அள்ளினாள், தூக்கினாள், வண்டியைத் திருப்பினாள். அந்த இடத்தில் தரை கொஞ்சம் சரிவு. பின்சக்கரம் இரண்டும் ஒரு சாண் அந்தரத்தில் எழும்பியதைக் கறார் தன் கண்ணால் பார்த்தார். வண்டி தலைகுப்புறச் சாய்ந்தபடியே நாற்றுப் பாத்திக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பாப்பா பதறாமல் வாளியைக் கீழே இறக்கினாள். அதனால்தான் பிழைத்தாள். பின்பக்கம் தொப்பென்று தரையில் விழுந்த அதிர்ச்சியில் அவள் வலது கை ஸ்டியரிங்கில் மாட்டி, மணிக்கட்டு உடைந்தது. முந்நூறு நாற்று சக்கரத்தடியில் போச்சு.

எல்லோரும் ஓடிப்போய் அவளை இறக்கினார்கள். வலியில் உதடு வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று முதலாளி கேட்டார். "என் தப்புதான். லீவரை மாத்தி இழுத்துட்டேன்" என்றாள் பாப்பா. பொம்பளைகள் இதையெல்லாம் ஓட்டினால் இப்படித்தான் என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். கறார் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார். "நிதானமாப் பழகணும்மா" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தபோது அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். பொய் சொல்வது கூட அன்றைக்குப் புதிதாக இருந்தது. அவர் தன்னை நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்.

திங்கட்கிழமை காலையில் சேமிப்பில் இருந்து முப்பத்தெட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இந்தத் தடவை திரும்ப மாட்டுகிற எண்ணம் இல்லை. ஒரு பின் எடை வேண்டும், சொன்ன விலைக்கே கொடுங்கள் என்றார். ஷோரூம்காரர் சங்கடத்தோடு எதிரே நின்ற வேனைக் காட்டினார். அதில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க தங்கச்சி மறுநாளே வந்து பணம் கட்டிட்டாங்க. சரக்கு இன்னைக்குத்தான் வரும்னு சொல்லியிருந்தேன்" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு மேலும் சொன்னார். "நீங்க கேட்டா, கம்பெனி இனாமாக் கொடுத்ததுன்னு சொல்லச் சொன்னாங்க. என்னை மன்னிச்சிருங்க சார்."

கறாரின் முகத்தில் ஈயாடவில்லை. இனாம் என்ற அந்தச் சொல் அவரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. ஸ்டெபிலைசர். தையல் மிஷின் மோட்டார். அப்பாவின் சைக்கிள் கேரியர். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர், அவர் உரித்துப் போட்டதை மறுநாள் அவருக்குத் தெரியாமல் போய் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்! அப்பாவிடம் அன்றைக்கு ஏது பணம்? நடுக்கடையில் நின்றபடி மனிதர் கூனிக்குறுகிப்போனார். ஷோரூம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

வேன் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் பண்ணைக்குள் நுழைந்தார். பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். பாப்பா கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் கணவர். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியாண்ணா, கம்பெனியே இனாமா அனுப்பிட்டாங்க. நீ போட்ட போடு அப்படி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு மருந்துக்கடையில் சொல்ல ஒரு கதையும் கிடைக்கும். "காலையில நான் ஷோரூமுக்குத்தான் போயிருந்தேன், பாப்பா" என்றார் அவர்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கறார் அவளைப் பார்க்க முடியாமல் தங்கை கணவரிடம் திரும்பி, அவள் லீவரை மாற்றி இழுக்கவில்லை, நான்தான் தூக்கச் சொன்னேன், எடை வேண்டாம் என்று அடித்ததும் நான்தான், அந்த இரண்டு பேரிடமும் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கோர்வையில்லாமல் கொட்டினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். "தெரியும் மச்சான்" என்றார். பணக்கவரை நீட்டியபோது பாப்பா வாங்கவில்லை; அவர் அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பறக்காமல் இருக்க ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்தார்.

வேன்காரர் போய்விட்டார். பாப்பாதான் வேலையை இழுத்துக்கொண்டு வந்தாள். எடை வந்த தேதியையும் கிலோவையும் நோட்டில் எழுத வேண்டும், அவளுக்குக் கை வராது, மாப்பிள்ளையின் கண்ணாடி உள்ளே இருக்கிறது. "நீ எழுதுண்ணா, கடைசிப் பக்கம்" என்று நீல நோட்டை இடது கையால் எடுத்து நீட்டினாள். நீட்டியவள் உடனே எதையோ நினைத்துக்கொண்டு திரும்ப வாங்கப் பார்த்தாள். அதற்குள் அவர் பிரித்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்து. தேதி, அவர் லீவு போட்டுக்கொண்டு விலை பேசப் போன நாளுக்கு முந்திய மாதம்.

'வாளியோடு வண்டி ஏழரை லட்சம். எடை தனி. பேசி முடித்தாச்சு. அண்ணன் வரும்போது பன்னிரண்டாயிரம் கூட்டிச் சொல்லச் சொல்லியிருக்கு.'

அவர் இரண்டு தடவை படித்தார். பாப்பா மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவர் பலப்பத்தை உடைத்துவிட்டால், அண்ணன் அப்பாவிடம் அடி வாங்கக் கூடாதே என்று, தானே உடைத்ததாகச் சொல்லிவிட்டு இப்படித்தான் நிற்பாள்.

"எழுதுண்ணா" என்றாள் மெதுவாக.

கறார் பேனாவைத் திறந்தார். எழுத்து இரண்டாகத் தெரிந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே பக்கத்தில், அந்த வரிக்குக் கீழே, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: பின் எடை ஒன்று, இருநூற்று நாற்பது கிலோ, முப்பத்தெட்டாயிரம்.