பார்க்காத படத்தின் போஸ்டர்

கோயமுத்தூரில் டாக்கி என்னும் பேசும்படம் வந்த புதிதில் எங்கள் பஞ்சு மில்லுக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். முறுக்கிய மீசை, காக்கிச் சட்டை, தலையில் உருமால். சினிமா போஸ்டர் சேர்க்கும் பைத்தியம் என்னைப் போலவே அவருக்கும் உண்டு. ஆனால் பார்க்காத படத்தின் போஸ்டரைத்தான் வைத்துக்கொள்வார். பார்த்துவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

"படத்தைப் பார்த்துப்போட்டா போஸ்டர் செத்துப்போகுதுங்க" என்பார்.

அவரிடம் ராணி ஒருத்தி குதிரையில் பாயும் போஸ்டர் இருந்தது. அதற்காக என் சொத்தில் பாதியை, அதாவது இரண்டு வேட்டியில் ஒன்றை, தரவும் நான் தயார். அவர் மசியவில்லை. ஆகவே தந்திரமாக அந்தப் படத்துக்கே அவரை அழைத்துப் போனேன்.

விளக்கு அணைந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முழுவதையும் நான்தான் பார்த்தேன். ராணி உட்கார்ந்த இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "ஏனுங்க, குதிரை நல்லா ஓடுச்சுங்களா?" என்றார்.

"குதிரையே வரலைங்க."

"எங்கிட்ட இருக்கற போஸ்டர்ல ஓடிட்டுத்தானுங்க இருக்குது. இன்னமும் உங்களுக்கு வேணுங்களா?"

அந்தப் போஸ்டரைக் கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அதன்பிறகு மில் வாசலில் அவர் கண்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தூங்குகிறாரா, குதிரையை ஓடவிட்டுப் பார்க்கிறாரா என்று தெரியாமல் ஓசைப்படாமல் உள்ளே போவேன்.