ஆறாவது மாடிக்காரர்

ஆம்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியைக் கட்ட அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. சில வீடுகளைத் தொழிலாளிகளுக்கு மலிவு விலையில் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே லிஃப்ட் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி வந்தவர்தான் ஆறாவது மாடிக்காரர். தோல் ஷாப் என்று ஊரில் சொல்லும் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. ஒல்லியான உடம்பு, நகக்கண்ணெல்லாம் தோல் பதனிடும் மருந்தின் நீலம்.

காலையில் குளித்துவிட்டு லிஃப்டில் இறங்குவார். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மட்டும் படியில்தான் ஏறுவார்.

ஒருநாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, “வாங்கண்ணே” என்றேன்.

“நீங்க போங்க சார். ஷாப்புல இருந்து நேரா வர்றேன்.”

“அதனால இன்னாண்ணே? லிஃப்ட் எல்லாருக்கும் பொதுதானே.”

சிரித்தார். அதில் கோபமே இல்லை.

“குடிவந்த புதுசுல ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து உங்ககூட ஏறினேன் சார். உங்க மூணாவது மாடி வர்ற வரைக்கும் மூச்ச புடிச்சிக்கினே நின்னீங்க. பாவமா இருந்துச்சு.”

கைப்பிடியைப் பிடித்து எழுந்து ஏறத் தொடங்கினார்.

அப்படி நின்றது எனக்கு நினைவிலேயே இல்லை. அவர் தினமும் ஆறு மாடி ஏறுகிறார்.