உப்புத் தட்டின் மெல்லிய பக்கம்

டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்து வந்த கோடை அது. ஆற்றங்கரை வீடுகளின் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு அழியாமல் இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில்தான் அக்கா தன் உப்புத் தட்டுகளை ஊற்றினாள்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு முன்பே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள், மேலப்பாளையத்துக்காரி. கணவர் ஷார்ஜாவில் இருந்தார். விசா வந்துவிட்டது. ஆனியில் புறப்பட வேண்டும், அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஆய்வேடு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை மணலில் படரும் அடம்புக்கொடியிலிருந்து அவள் எடுத்த ஜீன், உப்பைத் தாங்கும் திறனைத் தருகிறதா, இல்லையா?

செடியில் வைத்துச் சோதித்தால் மாதக்கணக்கில் ஆகும். ஈஸ்ட் சில நாளில் பதில் சொல்லிவிடும். எங்களிடம் இருந்தது, உப்பைச் சமாளிக்கும் தன் சொந்த ஜீன்களை இழந்த ஈஸ்ட். உப்பு கலந்த அகார் கூழை ஊற்றி உறையவைத்த தட்டில் அதனால் சரியாக வளர முடியாது. அடம்பின் ஜீனை ஏற்றிய பிறகு அது நன்றாக வளர்ந்தால், ஜீன் வேலை செய்கிறது என்று பொருள். ஜீன் ஏற்றியதை மேல் வரிசையிலும் ஏற்றாததைக் கீழ் வரிசையிலும் சொட்டுச் சொட்டாக வைப்போம். இடமிருந்து வலமாகப் போகப்போக ஒவ்வொரு சொட்டும் முந்தியதைவிட நீர்த்திருக்கும். கடைசிச் சொட்டுவரை வளர்கிறதா என்பதில்தான் எல்லாம்.

மாலையில் ஷார்ஜாவிலிருந்து அழைப்பு வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா கை வேலையைத் தொடர்வாள்.

"உன் ஈஸ்ட் என்ன சொல்லுது? ரொட்டிக் கடையில கேட்டா சும்மா குடுப்பான். அதுக்கா இத்தன வருசம்?"

"உங்க கடக்காரன்ட்ட அடம்பு ஜீன் போட்ட ஈஸ்ட் இருக்கான்னு கேளுங்க, வாங்கிட்டு வாங்க" என்பாள்.

ஈஸ்ட்டால் ஆப்ப மாவு புளிக்கும் வாசனை எங்கள் ஆய்வக அறையில் எப்போதும் இருக்கும். முன்பு அது விடுதியின் சமையலறை. இன்று எந்த வீட்டிலாவது ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைத்திருந்தால், எனக்கு அந்த அறையின் ஜன்னலும் வெளியே நின்ற வேம்பும்தான் ஞாபகம் வரும்.

தட்டுகள் நன்றாகவே வந்தன. மேல் வரிசையில் எல்லாச் சொட்டும் வெள்ளையாகத் திரண்டிருந்தது. கீழ் வரிசையில் முதல் சொட்டு மட்டும். படம் வாட்ஸ்அப்பில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போனது. "இது போதும்மா, எழுத ஆரம்பி" என்று அவர் பதில் போட்டார். மறுநாள் அக்கா இனிப்புக்கு வீட்டில் செய்த வட்டலப்பம் கொண்டுவந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பயன்படுத்தாமல் மிஞ்சிய தட்டுகளிலிருந்து அகாரைக் கரண்டியால் நெம்பி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தோம். ஒன்று முழுசாகக் கழன்று அக்காவின் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தாள்.

"ஏட்டி, இங்கன வா. இதப் பாரு. ஒரு பக்கம் நுங்கு, ஒரு பக்கம் அப்பளம்."

"மேசக்கால் ஆடுதோ அக்கா?"

"மேச ஆடல. தரைதான் சாயுது."

சமையலறைத் தரை அது. கழுவிவிட்ட தண்ணீர் சுவரோரச் சாக்கடைக்கு ஓடுவதற்காக வாட்டம் வைத்துப் போட்டது. எங்கள் ஊரில் வாட்டமில்லாத தரையைத்தான் குறை சொல்வார்கள். அதனால் அதன்மேல் மேசை போட்டுத் தட்டு ஊற்றும்போது யாருக்கும் உறுத்தவில்லை. அகார் சுவர்ப் பக்கம் கனமாகவும் எங்கள் பக்கம் மெல்லியதாகவும் உறைந்திருந்தது. மெல்லிய பக்கம் அந்த வெயிலில் சீக்கிரம் காயும். காயக்காய உப்பு கடுமையாகும். தட்டு உறையும்போதே, நாங்கள் நின்ற பக்கத்திலிருந்து படிக்கும்படி அதன்மேல் குறிப்பு எழுதிவிடுவது வழக்கம்; எழுத்தின் கீழ்ப்பக்கம்தான் கீழ் வரிசை. ஆகவே ஜீன் இல்லாத கீழ் வரிசை எப்போதும் மெல்லிய பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

"அப்போ கீழ் வரிச வளராததுக்குக் காரணம்?"

"ஜீன் இல்லாததா, இந்தத் தரையா, தெரியல."

"படம் சாருக்குப் போயாச்சே. இனி யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்லா" என்றாள்.

பேராசிரியரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் போனில் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு, "டிக்கெட் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"நாள் இருக்கு சார். இன்னொரு தடவ ஊத்திப் பாத்துருதேன்."

கல்லூரியில் வெள்ளத்தில் சரிந்த மதிலைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கினோம்.

"என்ன தாயி, வீடு கட்டப் போறியளா?"

"ஈஸ்ட்டுக்குக் கட்டுதோம் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து மடித்துச் செருகினோம். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை அவள் விடவில்லை. பாதித் தட்டுகளில் வரிசையையும் தலைகீழாக மாற்றினாள்: ஜீன் இல்லாதது மேலே, உள்ளது கீழே.

தட்டுகளை வெளியே எடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, இன்குபேட்டர் கதவைத் திறந்துவிட்டு அக்கா விலகி நின்றுகொண்டாள். "நீ எடுட்டி."

எடுத்து மேசையில் பரப்பினேன். ஜீன் இல்லாத வரிசையும் இந்த முறை நன்றாகவே வளர்ந்திருந்தது. முந்தைய படத்தின் பெரிய வித்தியாசம் எங்கும் இல்லை. அக்கா ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் ஜீன் உள்ள வரிசை மற்றதைவிட ஒரு சொட்டு தள்ளி வளர்ந்திருந்தது.

"ஒத்தச் சொட்டுதான அக்கா."

"ஆமா. ஆனா எல்லாத் தட்டுலயும் இருக்கு பாரு."

பேராசிரியர் புதிய படத்தை உதட்டைப் பிதுக்கியபடி பார்த்தார். "முந்துன படம் மாதிரி எடுப்பா இல்லியேம்மா."

"இல்ல சார். ஆனா இது அடம்போட வேலதான் சார், தரையோடது இல்ல."

அவர் சிரித்துவிட்டார். அக்கா திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்து பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். உப்பைப் பெரிதும் தாங்கியது என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் அந்தப் 'பெரிதும்' என்பதை அழித்து, சிறிதளவு என்று அடித்தாள்.