நான் அழித்த தெரு

பாரிசவாதத்தில் என் மனைவிக்கு ஒரு கை இயங்காமல் விழுந்துவிட்டது. பொழுதுபோக, ஊர் கட்டும் பழைய கணினி விளையாட்டொன்றைத் தேடிக் கொடுத்தேன். அது புதிய கணினிகளில் ஓடாது. அதனால் என் மடிக்கணினிக்குள் பழைய கணினியைப் போல இயங்கும் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதற்குள் ஓடவிட்டேன். பழுதுபட்டால் மீட்டெடுக்க, இன்னும் ஒன்றும் கட்டாமல் வெறும் கடற்கரையாக இருந்த முதல் நாள் நிலையையும் சேமித்து வைத்தேன்.

"கிழவனுக்கு இன்னும் மூள வேல செய்யுது" என்று சிரித்தாள்.

மாதக்கணக்கில் ஒற்றைக் கையால் கட்டினாள். ஒரு நாள் விளையாட்டு அடிக்கடி உறைந்தது. அவள் குளிக்கப் போன நேரம், கேட்காமலே முதல் நாள் நிலைக்கு மீட்டேன். வேகமாக ஓடியது. பெருமையாக இருந்தது.

வந்தவள் வெறும் கரையைப் பார்த்தாள்.

"எங்கட தங்கச்சிட வீடு எங்க?"

கல்லடியில் சுனாமி கொண்டுபோன தன் தாய்வீட்டுத் தெருவை, வீட்டுக்கு வீடு பெயரெழுதி, அவள் அதற்குள் திரும்பக் கட்டியிருக்கிறாள். நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"விளையாட்டுத்தானே, திருப்பிக் கட்டலாம்" என்றேன்.

"கடலும் இப்படித்தான், ஒரு சொல்லுக் கேக்கல்ல" என்றாள். அதன்பிறகு அதைத் தொடவில்லை.

அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த விளையாட்டை இன்னும் திறக்கிறேன். வெறும் கரையில் அலை அடிக்கிறது. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று அவளிடம் நான் கேட்டு வைக்கவில்லை.