நீலம் அடித்த கோயில்

பத்து வயதிலேயே எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. பிரெஞ்சில் யார் எதைச் சொன்னாலும் தமிழில் சொல்லவேண்டும். டாக்டர், வீட்டுச் சொந்தக்காரர், தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவர் என்று எல்லோருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் நிற்பேன். சம்பளம் இல்லாவிட்டாலும் பெருமைக்குக் குறைவில்லை.

அந்த வருடம் எங்கள் கோயிலை விற்கப்போவதாகக் கதை வந்தது. நாங்கள் குடியேறிய செயின்ட்-மிஷேல் பகுதி இன்னும் கிராமமாக இருந்த காலத்தில், பக்கத்துக் கற்குழியில் வெட்டிய சாம்பல்நிறக் கல்லால் கட்டிய தேவாலயம் அது. தடித்த சுவர்கள், அரைவட்ட வளைவுகள், ஒடுங்கிய சன்னல்கள். பிரெஞ்சுக்காரர் வருவது குறைந்துபோய், ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசைக்குத்தான் இடம் நிறைந்தது. விற்றால் வாங்குபவர் இடித்துவிட்டு மாடிவீடு கட்டுவார். பழைய கட்டடங்களை ஆராயும் நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, காப்பாற்றவேண்டிய கட்டடம் என்று எழுதிக்கொடுத்தால் மட்டும் தப்பலாம்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஊரில் ஆயர் வரும்போதும் திருவிழாவுக்கு முன்னும் செய்வதையே இங்கும் செய்தார்கள். கோயிலுக்கு வர்ணம் அடித்தார்கள்.

பாதர் விடுமுறையில் போயிருந்தார், கோயில் கதவுத் திறப்பு அப்பாவிடம் இருந்தது. செயின்ட்-லோரன்ட் பகுதித் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த ஆண்கள் நேரே ஏணியில் ஏறினார்கள். சின்ன மாமாவுக்கு முழங்கால் பழுது, அவர் நிலத்தில் இருந்தபடியே சுவரின் அடிப்பகுதியைப் பூசினார். அம்மாவும் மற்றப் பெண்களும் தரையில் சிந்தியதைச் சுரண்டினார்கள். சுவருக்கு மாதாவின் நீலம், வளைவுகளுக்கு வெள்ளை. முடிந்தபோது அப்பா தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே நித்திரையாகிவிட்டார். எனக்கோ கோயில் பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது.

நிபுணர் வந்த அன்று எல்லோரும் நல்ல உடுப்புடன் ரோல்ஸும் தேநீருமாகக் காத்திருந்தோம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்லச் சுற்றி வந்து பேசத் தொடங்கினார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனேன்.

கல்லில் உளித்தடங்கள் இருந்தனவாம். நடுப்பகுதி முதலில் கட்டியது, மணிக்கூண்டு பின்னர் சேர்த்தது என்று அவற்றை வைத்துத்தான் சொல்லலாமாம். முன்பிருந்தவர்கள் பழைய பூச்சைப் பாடுபட்டு உரித்துக் காட்டிய கல்லாம் இது. இனி வர்ணத்தை எடுக்கப்போனால் கல்லின் மேற்பரப்பும் சேர்ந்து வந்துவிடுமாம். இந்த நிலையில் தன்னால் எழுதிக்கொடுக்க முடியாதாம், மிகவும் வருந்துகிறாராம். ஒரு சொல்லையும் விடவில்லை என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

"அத்தான், என்னவாம் சொல்லுறார்?" என்று சின்ன மாமா எட்டிக் கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் நீலம் ஒட்டியிருந்த அந்த ஆட்களைப் பார்த்தார்.

"நல்ல வடிவா அடிச்சிருக்கிறமாம்" என்றார்.

எல்லோர் முகத்திலும் சிரிப்பு வந்தது. யாரோ நிபுணரின் கையில் இரண்டாவது ரோல்ஸைத் திணித்தார்கள். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனப்பா கோயிலுக்குள்ளயே பொய் சொன்னனீங்கள்?"

"சனம் களைச்சுப் போச்சு, பிள்ளை" என்றார், கண்ணைத் திறக்காமலே. "பேந்து தெரிஞ்சுகொள்ளட்டும்."

நான் சரியாகச் சொன்னதை அவர் வீணாக்கிவிட்டார் என்று எனக்குக் கோபம். வீடு வரும்வரை சன்னல் பக்கம் திரும்பி இருந்தேன்.

கோயில் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு நிற்கிறது. பிறகு தெரியட்டும் என்று அப்பா விட்ட அந்தப் 'பேந்து' வரவே இல்லை. "அந்தப் பெரிய மனுசனே மெச்சின கோயில், அதையும் வித்துப்போட்டாங்கள்" என்று சின்ன மாமா இன்றும் வாறவர் போறவரிடம் சொல்லித் திட்டுகிறார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் தெம்பில்லாமல் நான் இருக்கிற மாலைகளில், "என்ன பிள்ளை, நீதானே மொழிபெயர்த்தனி?" என்று என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

அப்பா என்னைப் பார்ப்பார். அன்று பஸ்ஸில் அந்தச் செய்தி முழுவதையும் அவர் தனியே சுமந்துகொண்டு வந்தார் என்பது பக்கத்தில் இருந்த எனக்கு அப்போது விளங்கவில்லை.

"ஓம் மாமா" என்கிறேன். "நல்ல வடிவா இருக்கெண்டுதான் சொன்னவர்."