தறிக்கூடத்தை அளக்காத நோட்டீஸ்

ஓட்டுக் கேட்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்களுக்குப் போடுகிறவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். எங்கள் வார்டில் நின்ற மாவு மில்காரம்மா முதல் நாள் காலையில் போனது, அவர் ஜெயித்தால் யாருக்கு வரி ஏறுமோ அவர்கள் வீட்டுக்கு. நான் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். திரும்பிவிடலாம் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. ஆரணியில் பட்டுத்தறிகளின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பழுது பார்ப்பதும், புடவை டிசைனுக்கு ஏற்ப அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்பதும் என் தொழில். தறிக்கு மேலே ஏறி உட்கார்ந்து வேலை செய்கிறவனிடம் யாரும் அதிகம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

மில்காரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். கோதுமை, அரிசி, மிளகாய் எல்லாம் அந்த அம்மாதான் அரைப்பார். மில்லில் முறை வரும்வரை எல்லோரும் நின்றாக வேண்டும். நிற்கிறவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். மோட்டார் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் வார்டுப் பெண்களுக்கு எல்லாம் குரல் கொஞ்சம் பெரிது.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் எங்கள் கீழ்ச்சந்து. மழை பெய்தால் மேல் தெருக்களின் தண்ணீர் முழுவதும் எங்கள் சந்துக்கு வந்துதான் நிற்கும். என் வீட்டில் அரிசி டிரம் வருஷம் முழுவதும் செங்கல் மேல்தான் இருக்கிறது. கால்வாய் கேட்டுப் போகிறவர்கள் எல்லோரும், பணம் இல்லையாம் என்ற பதிலோடு திரும்பி வந்து மில்லில் நின்று புலம்புவார்கள். கேட்டுக் கேட்டு ஒருநாள் அவர் சொன்னார், "பணம் இல்லன்னா, இருக்கிறவங்க கிட்ட கொஞ்சம் சேத்து கேக்க வேண்டியதுதானே." அந்தப் பேச்சுத்தான் நோட்டீஸ் ஆனது.

நோட்டீஸை எழுதிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு வரியை உயர்த்தத் தீர்மானம் கொண்டுவருவேன், அதற்குக் குறைந்த வீடுகளுக்கு ஒரு பைசா ஏற விடமாட்டேன், வருகிற பணத்தில் கீழ்ச்சந்துக்குக் கால்வாய் கேட்பேன். இவ்வளவுதான் விஷயம். கீழே மில்காரம்மாவுக்குக் கிடைத்த சின்னம், இஸ்திரிப் பெட்டி.

அச்சுக்குப் போகும் முன்பு மில்காரம்மா அதை என்னிடம் காட்டினார். அட்டை அடிக்கிறவன் ஒரு ஓட்டை தப்பாக அடித்தாலும் புடவையில் தெரிந்துவிடும், அதனால் எனக்குக் கண் கூர்மை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மில்லில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். வாத்தியாரும் இருந்தார். நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஆயிரம் சதுர அடி என்ற இடத்தில் விரல் நின்றது.

எங்கள் நெசவாளர் தெரு வீடுகளை வாசலில் நின்று பார்த்தால் பன்னிரண்டு அடி, பதினைந்து அடி அகலம்தான் இருக்கும். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஒரு தறிக்குப் பின்னால் இன்னொரு தறி, அதற்குப் பின்னால் இன்னொன்று. மனிதர்கள் புழங்குவது கடைசியில் இருக்கும் இரண்டு சின்ன அறைகளில். இது எனக்குத் தெரியும். அந்தக் கூடங்களில் தறிக்கு மேலே உட்கார்ந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தினமும் பார்க்கிறவன் நான்.

படித்தவர் எழுதியது, யோசிக்காமலா எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்றும் நினைத்தேன். "பிழை ஒண்ணும் இல்லைங்க" என்று கொடுத்துவிட்டேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லைதான்.

முதல் நாள் போனது கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் வீட்டுக்கு. மூன்று மாடி. அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. மொளகாய் அரைக்க எப்ப குடுத்தனுப்பணும்னு சொல்ல வந்தியா?"

"ஓட்டு கேக்க வந்தேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் ஜெயிச்சா உங்க மண்டபத்துக்கும் இந்த வூட்டுக்கும் வரி ஏத்த சொல்லி கேப்பேன்."

அவர் பேப்பரை மடித்தார். "இத்த சொல்றதுக்கா செருப்ப கழட்டிட்டு உள்ள வந்த?"

"உங்களுக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னாடி பேசிகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வரியும் ஏத்துவ, ஓட்டும் கேப்ப."

"உங்க பேத்தி வர்ற வேன் போன மழையில கீழ்ச்சந்து முனையில மாட்டிகினு நின்னுதே. அந்தக் கால்வாய்க்குத்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஏத்தினா மண்டப வாடகைய ஏத்திடுவேன். அப்ப உன் ஜனங்க உன்னத்தான் திட்டும்."

"ஏத்துங்க. வரி எவ்ளோ ஏறிச்சி, வாடகை எவ்ளோ ஏத்தினீங்கன்னு ரெண்டையும் ஒரு போர்டுல எழுதி வாசல்ல மாட்டுங்க. ஜனங்களே பாத்துக்கும்."

காப்பி வந்தது. ஓட்டுப் போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வரிசையில் ஏழெட்டு வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சண்டை போட்டார்கள். எங்கும் அவர் ஒரே மாதிரிதான் பேசினார். நான் ஒவ்வொரு வாசலிலும் கட்டைக் கை மாற்றிக்கொண்டு நின்றேன். இப்படியும் ஒருவர் ஓட்டுக் கேட்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் நெசவாளர் தெரு. அங்கே ஓட்டுக் கேட்க நல்ல நேரம், காலையில் பாவு போடும் நேரம். தறியில் ஏற்ற வேண்டிய புதுப் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சுருட்டுவார்கள். பத்துப் பேர் இரண்டு பக்கமும் நிற்பார்கள். அது முடியும்வரை யாரும் நகர முடியாது. வண்டியும் போக முடியாது. எங்களை எதிர்த்து நின்றவர் பட்டுக்கடை வைத்திருந்தார், அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்கள். அவருடைய பிரசாரப் பாட்டு வண்டி தெருமுனைவரை வந்து, பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நாங்கள் நடந்து போனதால் உள்ளே போக முடிந்தது. முந்தானை நூலில் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டு மில்காரம்மா பாவின் ஓரமாக நடந்தார்.

"இன்னாக்கா, இஸ்திரிப் பெட்டியாமே. யாருக்குத் தேய்க்கப் போற?" என்று கேட்டார் பாவுக்குச் சொந்தக்காரரான நெசவாளர்.

"மூணு மாடிக்காரங்களுக்கு."

சிரித்தார்கள். அவர் மனைவி என்னிடமிருந்து ஒரு நோட்டீஸை வாங்கிச் சத்தமாகப் படித்தார். ஆயிரம் சதுர அடி வந்ததும் நிறுத்தினார்.

"யக்கா, எங்க வூடு எவ்ளோ இருக்கும்னு நெனைக்கிற?"

"ஒரு ஐநூறு, அறுநூறு இருக்குமா?"

"வாசல பாத்து சொல்ற நீ. பத்திரத்துல ஆயிரத்து எரநூறு. நாலு தறி நிக்குதில்ல."

நெசவாளர் இழையைப் பார்த்துக்கொண்டே எதிர்க்கோடியில் நின்ற தம்பிக்குக் குரல் கொடுத்தார். "டேய், கேட்டுகினியா? நம்ம பணக்காரங்களாம்டா. எழுதிக் குடுத்துகிறாங்க."

"அப்ப கால் கிலோ வாணாம், அரை கிலோவா கறி எடுத்துடலாம்" என்றான் அவன்.

சிரிப்பு பாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. மில்காரம்மா சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் போனார். கூடத்தை அடி வைத்து அளந்துகொண்டே கடைசி அறைவரை போனது வாசலிலிருந்து தெரிந்தது. வெளியே வந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தப்பா எழுதிட்டேன். இத்தினி வருஷமா உங்க வூட்டு மாவ அரைக்கிறேன், ஒரு நாள் கூட உங்க தறிக்கூடத்துக்குள்ள வந்ததில்ல. வாசல மட்டும் பாத்துகினு இருந்துட்டேன். தறி நிக்கிற எடத்த சேக்கக் கூடாது. மாத்தி எழுதிகினு திரும்பி வரேன்."

"ஓட்டு வேணும்னா எல்லாரும் மாத்துவாங்கக்கா" என்றார் நெசவாளர்.

"மாடி வூட்டுக்காரங்க கிட்டயும் போயி சொல்லிட்டுத்தான் வருவேன். அவங்க கிட்ட ஒண்ணு, உங்க கிட்ட ஒண்ணுன்னு பேசக் கூடாதில்ல."

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. மீதியிருந்த நோட்டீஸ்களை மில்லில் உட்கார்ந்து நான் திருத்தினேன். தப்பான வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாம் என்று வாத்தியார் சொன்னார். மில்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மறைக்காதண்ணா. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு பக்கத்துல எழுது. மொதல்ல இன்னா சொன்னேன்னும் தெரியட்டும்" என்றார். 'தறிக்கூடம் கணக்கில் சேராது' என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒவ்வொரு தடவை எழுதும்போதும், நான் சொல்லியிருந்தால் இந்தக் கோடு தேவைப்பட்டிருக்காது என்று தோன்றியது.

திருத்திய நோட்டீஸோடு எல்லா வீட்டுக்கும் இரண்டாம் முறை போனார். ஆனால் முதலில் சொன்னது எங்களைவிட வேகமாகப் போய்விட்டிருந்தது. தறி மேல் வரி வரப் போகிறது என்று, நாங்கள் நோட்டீஸே கொடுக்காத தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. நூல் கொடுக்கிற கடைக்காரர்களுக்கு வரி ஏறினால் அவர்கள் நெசவுக் கூலியில் கை வைப்பார்கள் என்பது.

ஒரு வீட்டில் ராட்டையில் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணே இதைக் கேட்டார். மில்காரம்மா திருப்பிக் கேட்டார், "வரி ஏறாத வருஷமெல்லாம் கூலி ஏத்தினாங்களா?"

அந்தப் பெண் ராட்டையை நிறுத்திவிட்டு, "அது வாஸ்தவம்தான்" என்றார்.

தறியில் இருந்த அவர் கணவர் தலையைத் தூக்காமல் சொன்னார், "வாஸ்தவம்தாங்க. ஆனா நாளைக்கி நூல் இல்லன்னுட்டா?"

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லப்பா" என்றார் மில்காரம்மா. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்த பிறகு என்னிடம், "அந்தாளு கேட்டது நியாயம்ண்ணா" என்றார்.

ஓட்டு எண்ணியபோது தோற்றுவிட்டார். பெரிய தோல்வி இல்லை. நெசவாளர் தெரு ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் ஜெயித்திருப்பார். ஜெயித்தவருக்குக் கை கூப்பி, "கீழ்ச்சந்து கால்வாய மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு மில்லைத் திறந்தார்.

அந்த வாரமே மண்டபத்துக்காரர் தானே வண்டியில் மிளகாய் மூட்டையோடு வந்தார். "எங்க வூட்ல நாலு ஓட்டு. அதுல ஒண்ணு உனக்குத்தான் வுழுந்துது. யாருதுன்னு மட்டும் கேக்காத" என்றார்.

"மொளகா நல்லா காயல. இன்னும் ஒரு வெயில் காட்டி கொண்டாங்க" என்றார் மில்காரம்மா. ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

மண்டபத்துக்காரர் வண்டி போனதும் மில்லில் நாங்கள் இரண்டு பேர்தான். மோட்டார் நின்றிருந்தது. வந்ததிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "நோட்டீஸ் காட்டினீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியுங்க. தறி வூடெல்லாம் ஆயிரத்துக்கு மேல வரும்னு. சொல்லல."

அவர் துணியால் இயந்திரத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. துடைத்தபடியே சொன்னார், "உன் விரல் அந்த எடத்துல நின்னுச்சி. பாத்தேன். இன்னாண்ணா நிறுத்தினன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நானு. ஜல்தியா பிரஸ்ஸுக்கு அனுப்பணும்னு வுட்டுட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த தபா நோட்டீஸ நீதான் எழுதற" என்றார். "எவன் எந்த கேள்வி கேட்டாலும் நீதான் பதில் சொல்ற."

"அடுத்த தபாவும் நிக்கப் போறீங்களா? எனக்குப் பேச வராதுங்க."

"மழ நின்னுடுச்சா, நான் நிக்காம இருக்க? பேச வரலன்னா தறி மேல ஏறி உக்காந்துகினு பேசு. யார் மூஞ்சியும் பாக்க வேணாம்."

இப்போது ஜக்கார்டு பெட்டி பழுது பார்க்கப் போகிற வீடுகளில், வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அளவு டேப்பைப் போடுகிறேன். தறி நிற்கிற இடம் எவ்வளவு, மனிதர்கள் இருக்கிற இடம் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து, வீணான ஜக்கார்டு அட்டைகளின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன். முக்கால்வாசித் தெரு முடிந்துவிட்டது. "இன்னாத்துக்குண்ணா அளக்கற?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். போன வாரம் போன வீட்டில், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த அன்று தெருவில் கிண்டல் செய்த அந்தப் பாவுக்காரரிடமே சொன்னேன். அவர் பாதிப் பேச்சில் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் சொன்னேன். கடைக்காரர் நூல் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற இன்னொன்றுக்கு, தெரியாது என்று சொன்னேன். அவர் டேப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, "செவுத்துலேர்ந்து போடுண்ணா, அரை அடி வுட்டுட்ட" என்றார்.