பதினாறடி

தஞ்சோங் பகாரில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கும் சுந்தரேசனைப் பெற்றவர்கள் வைத்த பெயரால் யாரும் அழைப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் 'பதினாறடி'. உயரத்தை வைத்து வந்த பெயரல்ல. அவர் ஐந்தடி நாலங்குலம்.

சாரத்தில் ஏறுகிறவர்களின் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் உண்டு. இடம் மாறும்போது ஒன்றைக் கழற்றினால் மற்றது மாட்டியிருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கழற்றினால்தான் வேலை ஓடும். கேட்டால், "ஒரு செகண்ட்தாண்ணே" என்பார்கள். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு விமானம் ஏறிய மனிதரிடம் சொல்லக்கூடாத பதில் அது.

"ஒரு செகண்ட்ல பதினாறடி விழுவ. ரெண்டு செகண்ட்ல அறுபத்து நாலு. போகப் போக வேகம் கூடும். நீயும் உன் ஸ்பேனரும் ஒண்ணாத்தான் போய்ச் சேருவீங்க, எடைய பாத்து பூமி யாரையும் தனியா கவனிக்காது" என்பார். அதோடு விடமாட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்த ஆள் எல்லோர் முன்பும் நின்று மூன்று முறை 'பதினாறடி' சொல்ல வேண்டும்.

ஈசூனில் இருக்கும் அவர் வீட்டிலும் இதே கதைதான். அடுப்படியிலிருந்து மனைவி வைதேகி "ஒரு செகண்ட் இருங்க" என்றால், இவர் பதினாறடி என்பார். "நம்ம வீடு ரெண்டாவது மாடிலா, அவ்வளவு தூரம் கிடையாது" என்று அவள் கரண்டியைக் கழுவுவாள்.

துரைசாமி அறந்தாங்கிக்காரன். ஐந்து தடவை கூட்டத்தின் முன்னால் நின்றவன். போன செவ்வாய்க்கிழமை பதினோராம் மாடிச் சாரத்தில் அவன் நின்ற பலகை சரிந்தது. நல்லவேளையாக அன்று ஒரு கொக்கி மாட்டியிருந்தது. அரை செகண்டில் நான்கடி விழுந்து, கயிற்றில் தொங்கினான்.

சுந்தரேசன் ஓடினார். தடுப்புக் கம்பியைத் தாண்டிச் சாரத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். இத்தனை வருடமும் கணக்கு மட்டுமே சொன்னவர், ஒருவன் விழுந்து பார்த்ததில்லை.

"கையக் குடுடா."

துரைசாமி தரவில்லை. அவர் இடுப்பையே பார்த்தான். "அண்ணே, உங்க கொக்கி ரெண்டும் சும்மா தொங்குது."

"ஒரு செகண்ட்தாண்டா, குடு."

"பதினாறடிண்ணே."

சுந்தரேசன் கொக்கியை எடுத்துக் கம்பியில் மாட்டினார். அதற்கு மூன்று செகண்ட் பிடித்தது. பதினோராம் மாடியிலிருந்து விழ அது தாராளம். அதன் பிறகுதான் துரைசாமி கையை நீட்டினான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாமலே சுந்தரேசன் முன்னால் வந்து நின்றார். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "பதினாறடி" என்றார். அவமானமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து துரைசாமி, "சத்தமா சொல்லுங்கண்ணே, பின்னால கேக்கல" என்றான்.